ரோஜா மூன்றே நாளில் கழுத்து தொங்குகிறது, என்ன செய்யலாம்?

மாடித்தோட்டம்_கோவை:
அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஓசூர் தாஜ்மகால் ரக ரோஜா இரண்டு கட்டு வாங்கினோம். கட்டுக்கு 20 பூ. ஒரு ஜாடியில் வெறும் போர் தண்ணீர், இன்னொன்றில் யூடியூபைப் பார்த்து இரண்டு ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை போட்ட ஜாடிதான் முதலில் போனது! மூன்றாம் நாள் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி கலங்கி, காம்பைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. மொட்டு விரியாமலேயே தொங்கிவிட்டது. மாமியார் சொன்னாரென்று ஒரு ரூபாய் காசு வேறு போட்டேன். கிருமியைக் கொல்ல ப்ளீச் கீச் எல்லாம் வேண்டாம், இரண்டு வயது வாண்டு எல்லாவற்றிலும் கை விடுவான்.

பழைய_பாலிஹவுஸ்காரன்:
ஓசூர்ப் பக்கம் எட்டு வருஷம் ரோஜா வெட்டியவன் நான். சர்க்கரை பூவுக்குச் சாப்பாடுதான், ஆனால் பாக்டீரியாவுக்கும் அதுவே விருந்து. அது பெருகிக் காம்பின் குழாயை அடைத்துவிட்டால் ஜாடி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில் தொங்கும். அதனால் சர்க்கரையோடு புளிப்பும் வேண்டும். ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, விதை சக்கை இல்லாமல் வடிகட்டி. பிஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4 பக்கம் இறங்கினால் தண்ணீர் காம்பில் சுலபமாக ஏறும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆர்ஓ தண்ணீர் எடுங்கள். ப்ளீச் வேண்டாம் என்றால் சோம்பல்படக் கூடாது: தினமும் தண்ணீர் மாற்றி, ஜாடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, காம்பில் ஒரு சென்டிமீட்டர் சாய்வாக நறுக்க வேண்டும். தண்ணீருக்குள் ஒரு இலைகூட முங்கக் கூடாது.

தொங்கியதைத் தூக்கிப் போடாதீர்கள். அடியில் நறுக்கி, தலையோடு செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் நிமிர்த்தி வையுங்கள். பாதியாவது எழுந்துவிடும்.

காசு விஷயம்: செம்பு கிருமியைக் கொல்லும் என்று வந்த வழக்கம் அது. இப்போதைய ஒரு ரூபாய் எவர்சில்வர். மாமியாரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஜெர்பரா_பைத்தியம்:
ஜாடி பக்கத்தில் பழத்தட்டு இருந்ததா அக்கா? பழுக்கிற வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், பூ சீக்கிரம் முதிர்ந்துவிடும். கார்னேஷன் பூ என்றால் கேட்கவே வேண்டாம். ஜெர்பராவுக்கு மட்டும் நாலு விரல் தண்ணீர் போதும், அதிகமானால் காம்பு அழுகும்.

மாடித்தோட்டம்_கோவை:
பழத்தட்டா? ஜாடியை ஒட்டியே ஒரு சீப்பு நேந்திரம்பழம் இருந்தது! தொங்கியதில் பதினொன்றைச் சுற்றி வைத்தேன், ஆறு நிமிர்ந்தது. அண்ணன் சொன்ன கணக்கில் எலுமிச்சை, சர்க்கரை போட்டு இன்றோடு ஐந்து நாள். நாலு பூ நன்றாக விரிந்திருக்கிறது. மீதி இரண்டை வாண்டு பிய்த்துவிட்டான், அதற்கு மருந்து யாரிடமாவது இருக்கிறதா?