உதவித் திட்டம் "வேலை செய்ததோ" எண்டு பாக்க வந்த ஆக்களோடை உங்கட அனுபவம்?

தென்மராட்சிப் பெடியன்:

மீளக்குடியேறின ஆக்களுக்கு வாழ்வாதாரம் எண்டு ஆடு குடுத்த காலம். உங்கள் எல்லாருக்கும் தெரியும், விளக்கத் தேவையில்லை. நான் அப்ப கம்பசிலை படிச்சுக்கொண்டு ஒரு நிறுவனத்துக்குத் தரவு எடுக்கப் போனனான். பேர் வேண்டாம். ஆடு நிக்குதோ, எத்தினை குட்டி போட்டுது, வருமானம் கூடிச்சுதோ எண்டு கேட்டுப் போமை நிரப்போணும். போமுக்கு இவ்வளவு எண்டு காசு.

ஒரு அக்கா வீடு. தகரக் கொட்டில், கிடுகு வேலி, முற்றம் கூட்டித் தண்ணி தெளிச்சுக் கிடந்தது. விதானையார், அதுதான் கிராம அலுவலர், முதல் நாளே சொல்லிவிட்டிருப்பார். மாமரத்திலை ஒரு ஆடு, புதுக் கயிறு. நான் "ஆம்" எண்டதுக்குச் சரி போட்டன். ஆடு கத்திச்சுது. வேலிக்கு அங்காலை பக்கத்து வளவுக்குள்ளை ரெண்டு குட்டி திருப்பிக் கத்திச்சுதுகள். இது இஞ்சை கயித்தை இழுத்துக் கத்துது, அதுகள் அங்கை கத்துதுகள். மடி பால் முட்டித் தொங்குது.

அக்கா என்னைப் பாக்கேல்லை. நான் வேலியைப் பாக்கேல்லை. "குட்டி எத்தினை அக்கா?" எண்டன். "ரெண்டு" எண்டா. எழுதினன்.

வெளிக்கிடேக்கை படலையடியிலை வைச்சுச் சொன்னா, ஆட்டை வித்து மூத்தவளுக்கு ஏ.எல். ரியூசன் காசு கட்டினதாம். "ஆடு இல்லை எண்டால் அடுத்த உதவிக்குப் பேர் வெட்டிப்போடுவினம் தம்பி." போமிலை "விற்றுவிட்டார்" எண்டும் ஒரு பெட்டி இருந்தது. அது செத்த ஆட்டோடை சேர்த்துத் தோல்விக் கணக்கிலை போற பெட்டி. நான் போட்ட சரியை மாத்தேல்லை. பொய் எழுதினது எனக்குத் தெரியும். திரும்ப அதே போமைத் தந்தாலும் அதைத்தான் எழுதுவன் போலை கிடக்கு, அதுதான் அரிக்குது.

மருதங்கேணியான்:

ஆடு பரவாயில்லை. எங்களுக்குப் போட் வந்தது.

சுனாமியிலை அப்பான்ரை வள்ளம், எஞ்சின், வலை எல்லாம் போச்சு. 2005இலை பைபர் போட் ஒண்டு குடுத்தினம். வலை வேறை நிறுவனம் தருமாம், எஞ்சின் இன்னொரு நிறுவனம் தருமாம். எல்லாத்தையும் ஒரு இடத்திலை வைச்சுப் பிரிக்கத்தானே 2005 ஜூனிலை அரசாங்கமும் புலிகள் இயக்கமும் பொதுக்கட்டமைப்புக்குக் கையெழுத்து வைச்சது. ஜூலையிலை உயர் நீதிமன்றம் அதின்ரை முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டிட்டுது. பிறகென்ன, ஆளாளுக்கு வந்து தங்கட கொடியை நட்டினம். எங்கட ஊரிலை சலூன் வைச்சிருந்தவருக்கும் ஒரு போட் கிடைச்சது. அவருக்கு நீந்தவே தெரியாது.

பாக்க வந்தவை மார்கழியிலை வந்தினம். வாடைக் கடல், ஒருத்தரும் இறங்கேல்லை. படம் எடுக்கோணும், போட்டைத் தண்ணிக்கை விடுங்கோ எண்டினம். ஆறு பேர் தூக்கினம். அப்பா வெளுத்த சாரம் உடுத்திக்கொண்டு ஏறி இருந்தார். போட்டிலை ஒட்டின நிறுவனத்தின்ரை ஸ்ரிக்கர் கமெராவுக்குத் தெரியேல்லை எண்டு மூண்டு தரம் திருப்பினது. மூண்டாவது தரம் அலை உள்ளுக்கை வந்து அப்பா முழுக்க நனைஞ்சு போனார்.

வெள்ளைக்காரர் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தினை கிலோ பிடிக்கிறியள் எண்டு. அப்பா சொன்னார், "வலை இல்லை." கூட வந்த மொழிபெயர்ப்புக்காரர் அந்த ரெண்டு சொல்லை ஒரு நிமிசம் மொழிபெயர்த்தார். வெள்ளைக்காரர் சிரிச்சுத் தலையாட்டி எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் எண்டு அறிய அப்பா சாகுமட்டும் ஆசைப்பட்டவர்.

கண்காணிப்பும் மதிப்பீடும்:

இந்தத் துறையில் நான் பல வருடம் இருந்தவன், ஆகையால் சொல்கிறேன். தென்மராட்சித் தம்பி, நீர் செய்தது பெரிய பிழை. உம்மைப்போல் ஐம்பது பேர் இரக்கப்பட்டால் "ஆடு வளர்ப்பு வெற்றி" என்று அறிக்கை போகும். அடுத்த வருடம் இன்னும் ஆயிரம் ஆடு வரும். ரியூசன் காசு தேவைப்பட்ட தாய்க்கு மறுபடியும் ஆடுதான் கிடைக்கும்.

மருதங்கேணித் தம்பி சொன்னது மதிப்பீடே இல்லை, அது கொடுத்ததைச் சரிபார்ப்பது. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் உதவிக் குழு 1991லேயே ஐந்து அளவுகோல் வைத்தது: பொருத்தம், பயன்தரு தன்மை, செயற்றிறன், தாக்கம், நிலைபேறு. 2019இல் மற்றத் திட்டங்களோடு ஒத்துப்போகிறதா என்பதையும் ஆறாவதாகச் சேர்த்தார்கள். வலை இல்லாத போட் முதலாவதிலேயே விழுந்துவிடும். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இனி வேலைக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். அறிவிக்காமல் போங்கள். பயனாளியின் பட்டியலை மட்டும் கையில் வைத்திருக்காதீர்கள், பட்டியலில் விடுபட்ட பக்கத்து வீட்டையும் கேளுங்கள். உதவி கிடைக்காதவரும் அதே காலத்தில் அதே அளவு முன்னேறியிருந்தால் உம்முடைய ஆடு எதையும் செய்யவில்லை, பாதை திறந்ததும் சந்தை வந்ததும்தான் செய்தது. வருமானம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நேற்று என்ன சமைத்தீர்கள், கடைக் கொப்பியில் எவ்வளவு கடன், எந்த நகை அடைவில் இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டுக்குள் பணம் யாரிடம் போகிறது என்றும் பாருங்கள். சுனாமிக்குப் பிறகு தெற்கில், களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறு தொழில் செய்வோருக்குக் குலுக்கல் முறையில் 10,000 அல்லது 20,000 ரூபா கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாக ஏறியது, பெண்களின் தொழிலில் ஏறவில்லை. பெண்களுக்குத் தொழில் தெரியாது என்று அவசரப்பட்டுச் சொன்னவர்களும் உண்டு. பிறகு அதே தரவை வேறு ஆய்வாளர்கள் கிண்டினார்கள். பெண்ணுக்குக் கொடுத்த காசு அதே வீட்டில் கணவனின் தொழிலுக்குள் போயிருக்கக்கூடும் என்று தெரிந்தது. போமில் அவளுடைய பெயர், காசு வேறு சட்டைப்பையில்.

என்னுடைய சொந்த அனுபவம் என்றால், நெடுந்தீவில் ஒரு கிணற்றுத் திட்டம் பார்க்கப் போய்ப் படகைத் தவறவிட்டு இரவு முழுக்க இறங்குதுறையில் இருந்தேன். கிணற்றைப் பார்க்கவில்லை.

அரியாலை அக்கா:

மேலை எழுதின ஐயாவுக்கு. அறிவிக்காமல் வரச் சொல்லுறியள். அறிவிக்காமல் வந்தால் நான் வெங்காயத் தோட்டத்திலை கூலிக்கு நிப்பன். படலைப் பூட்டைத்தான் நீங்கள் மதிப்பீடு செய்துகொண்டு போகோணும்.

எனக்கு இந்திய வீட்டுத்திட்டத்திலை வீடு கிடைச்சது. ஐஞ்சரை இலட்சம், கட்டங்கட்டமாய் வங்கிக்கு வரும், நாங்களே கட்டோணும். அத்திவாரம் முடிச்சுக் காட்டினால் அடுத்த காசு, சுவர் எழும்பினால் அடுத்தது. எல்லாரும் ஒரே நேரத்திலை கட்டினால் மணல் என்ன விலை போகும் எண்டு ஆரும் யோசிக்கேல்லை. மேசனைப் பிடிக்கேலாது. கூரை மட்டத்திலை காசு முடிஞ்சு, காப்பை அடைவு வைச்சு, அந்தக் காப்பு ஏலத்திலை போட்டுது.

அதுக்குப் பிறகுதான் ஒரு பிள்ளை வந்தவ, அஞ்சு முகம் கீறின மட்டையோடை. அழுகிற முகத்திலையிருந்து சிரிக்கிற முகம் வரை. "எவ்வளவு திருப்தி அம்மா, ஒண்டைத் தொடுங்கோ." நான் பின்னாலை பத்தியிலை சமைச்சுக்கொண்டிருந்தனான், குசினி பூசாமல் கிடந்தது. கை முழுக்க மா. யோசிக்கேக்கை என்ரை சின்னவன் ஓடிவந்து சிரிக்கிற முகத்தைத் தொட்டிட்டான். அந்தப் பிள்ளை நன்றி சொல்லிப்போட்டுப் போட்டுது.

ஆனால் ஒண்டு. அவன் தொட்டது பிழை எண்டும் சொல்லமாட்டன். வாசல் எந்தப் பக்கம், சாமியறை எங்கை எண்டு நான் சொல்லித்தான் கட்டினது. 2016இலை 65,000 பொருத்து வீடு எண்டு வெளிக்கிட்டினமே, வீட்டுக்கு 21 இலட்சம் கணக்கிலை இரும்பு வீடு. உரும்பிராயிலை இருக்கிற என்ரை மச்சாள் மாதிரி வீட்டைப் போய்ப் பாத்திட்டுக் கேட்டாள், "உதுக்குள்ளை சித்திரை வெயிலுக்கு ஆர் இருக்கிறது?" எண்டு. அந்த ஒரு வீட்டுக் காசிலை எங்களை மாதிரி மூண்டு நாலு பேர் கட்டியிருப்பினம். அதைக் கேக்க முகம் போட்ட மட்டை ஒருத்தரும் கொண்டு வரேல்லை.

நல்லூர் வீதி:

எல்லாரும் சின்னத் திட்டத்தையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள். எங்கட ஒழுங்கையைத் தண்ணித் திட்டத்துக்கு வெட்டிக் குழாய் தாட்டாங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கிக் காசு, 2010இலை ஒப்புக்கொண்டது. கிளிநொச்சி இரணைமடுக் குளத்துத் தண்ணி வரும் எண்டாங்கள். கிளிநொச்சி விவசாயிகள், எங்கட வயலுக்கே காணாது எண்டாங்கள், அதிலை ஞாயம் இருந்தது. பிறகு தாளையடியிலை கடல்நீரைச் சுத்திகரிக்கிறது எண்டு மாறி, 2024 ஆகஸ்டிலைதான் அது திறந்தது, நாளுக்கு 24,000 கன மீற்றர். பதினாலு வருசம். அந்த இடைவெளிக்குள்ளை அம்மாவுக்குச் சிறுநீரகத்திலை கல்லு வந்து ரெண்டு தரம் எடுத்தாச்சு. கிணத்துத் தண்ணியாலை எண்டு டொக்டர் சொல்லேல்லை, நானும் சொல்லேல்லை. தண்ணி விக்கிற பவுசர்காரன்தான் நல்லாய் முன்னேறினவன். அவனை ஒருக்கால் மதிப்பீடு செய்யுங்கோ.

முகமாலைப் பிள்ளை:

நான் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்தனான். காசு குடுக்கிற நாட்டிலையிருந்து பாக்க வாறவைக்குத் தலைக்கவசம், முன்னங்கவசம் எல்லாம் போட்டு ஓரத்திலை விடுவினம். ஒருநாள் ஒரு அம்மா வந்தவ. நான் முட்டுக்காலிலை நிண்டு சுரண்டுறன். கருவி கத்திச்சுது. அவ மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. அரை மணித்தியாலம் சுரண்டி எடுத்தால் ஒரு ஆணி. அடுத்தது ஒரு மீன் ரின் மூடி. அவவின்ரை முகம் வாடிப்போச்சு, பாவம். எனக்கே வெக்கமாய் இருந்தது, ஏதோ விருந்தாளிக்குச் சோறு போடாத மாதிரி. மேற்பார்வையாளர் ஓடிப்போய் முந்தி எடுத்துச் செயலிழக்கச் செய்த ஒண்டைக் கொண்டுவந்து காட்டினார், பிறகுதான் படம் எடுத்தினம்.

2025 தையிலை அமெரிக்கா உதவியை 90 நாளுக்கு நிப்பாட்டினது எண்டு செய்தி வரேக்கை எனக்கு அந்த அம்மாவின்ரை முகம்தான் ஞாபகம் வந்தது. அண்டைக்கு ஒரு வெடி எடுத்துக் காட்டியிருக்கலாம் எண்டு. விசர் யோசனைதான்.

கண்காணிப்பும் மதிப்பீடும்:

தங்கச்சி, கண்ணிவெடி அகற்றலில் குறிகாட்டி கிடைத்த வெடியின் எண்ணிக்கை அல்ல, மக்களிடம் திருப்பிக் கையளித்த நிலம். சதுர மீற்றரில் கணக்கு. அந்த நிலத்தில் பிறகு யார் குடியேறினார், என்ன நட்டார் என்று இரண்டு மூன்று வருடம் கழித்துப் பார்க்க வேண்டும். இதை அந்த அம்மாவுக்கு உங்கள் மேற்பார்வையாளர் முதலே விளக்கியிருக்க வேண்டும். அதற்கு ஒரு எளிய முறை இருக்கிறது, நாளைக்கு விரிவாக எழுதுகிறேன்.

அரியாலை அக்கா:

எழுதுங்கோ ஐயா. முதல் அந்தக் கிணறு என்னாச்சு எண்டு சொல்லுங்கோ.

தென்மராட்சிப் பெடியன்:

ஐயா, நீங்கள் சொன்னது சரிதான், ரியூசன் காசு கேட்டவைக்கு ஆடு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அந்த "விற்றுவிட்டார்" பெட்டியைக் கீறினது நான் இல்லையே.

மருதங்கேணி அண்ணை, அந்தப் போட் இன்னும் கிடக்கோ?

மருதங்கேணியான்:

பாதி கிடக்கு. கவிட்டு வைச்சுக் கோழி அடைக்கிறம். ஸ்ரிக்கர் மட்டும் இன்னும் கழரேல்லை.