பால்சா கட்டையில் விரிசல், கடைவதற்கு முன் என்ன செய்வது?

கேள்வி: மாடல் ராக்கெட் மூக்குக்கூம்புக்கு எடுத்த பால்சா (மிக லேசான, மென்மையான மரம்) கட்டையில் இழையோட்டத்திலேயே மெல்லிய விரிசல், நடுவில் நகம் பட்டாலே பள்ளம் விழுகிற இடம். கடைந்த பிறகு மக்கு பூசினால் போதுமா?

பதில்: போதாது. சுழலும்போது விரிசல் பிளந்தால் கட்டை தெறிக்கும். மரப்பசையை உள்ளே இறக்கி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள்.

இன்னொரு பதில்: மென்மையான இடத்தில் தண்ணீர் போல ஓடும் சூப்பர் குளூ விட்டால் மரம் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் அங்கே மட்டும் விட்டால் அது கல்லாக இறுகி, உப்புத்தாள் சுற்றியுள்ள மரத்தைத்தான் தின்னும், கூம்பு கோணலாகிவிடும்; அதனால் சுற்றிவர ஒரே மாதிரி விடுங்கள். ஆவி கண்ணை எரிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

கேட்டவர்: சரி, ராக்கெட்டின் பின்பக்கம் ஒட்டும் துடுப்புக்கும் (fin) இதேதானா?

பதில்: துடுப்பில் பசை குறைவாக. பின்பக்கம் எடை ஏறினால் ராக்கெட் நேராகப் பறக்காது. விரிசல் விட்ட பலகையை மாற்றிவிடுவதே நல்லது.