மறு: சுடுநீர்த் தொட்டி அறிவிப்பு: 'வெப்ப வரம்பு' எதைக் குறிக்கும்?

குழுவினருக்கு வணக்கம். சுடுநீர்த் தொட்டிக்கு (குளிக்கும் ஹாட் டப்) நாம் எழுதும் தமிழ் அறிவிப்பு பற்றி ஒருவர் கேட்டது:

> 'டெம்பரேச்சர் லிமிட்', 'ஹை லிமிட்' இரண்டுக்கும் 'வெப்ப வரம்பு' என்றே போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. இரண்டும் செய்யும் வேலை வேறு. சிங்கப்பூர் கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடிக் குடியிருப்புகள்) தொட்டியையும் நீச்சல் குளத்தையும் பராமரிப்பவர்களில் தமிழ்நாட்டுத் தம்பிமார் நிறையப் பேர். பம்ப் அறையில் நாம் ஒட்டும் தாளைப் பார்த்துத்தான் எந்தப் பொத்தானைத் தொடலாம் என்று முடிவு செய்வார்கள்.

முதலாவது, குளிப்பவருக்கான எல்லை. கட்டுப்பாட்டுப் பலகத்தில் 40 டிகிரிக்கு மேல் எண் வைக்க முடியாது. உடம்பைவிடச் சூடான நீரில் மூழ்கியிருந்தால் வியர்த்தும் பயனில்லை. உடல்சூடு ஏறிக்கொண்டே போகும், தலை சுற்றும், மயங்கினால் தண்ணீருக்குள் சரிந்துவிடுவார்கள். கர்ப்பிணிகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் 38க்கு மேல் கூடாது. இதற்கு 'உச்சவரம்பு' என்பதே போதும். நில உச்சவரம்பு என்று கேட்டுப் பழகிய சொல்தான்.

இரண்டாவது, ஹீட்டருக்கான காவல். ஹீட்டர் குழாய்க்குள் சூடு ஏறக்குறைய 48ஐத் தொட்டால் மின்சாரத்தை அறுத்துவிடும் கருவி. இதற்கு 'மிகைச்சூட்டுத் துண்டிப்பான்' என்று முன்மொழிகிறேன். 'வெப்பவெட்டி' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். மின்வெட்டு நினைவுக்கு வருவது நல்லதுதான். ஆனால் 'வெட்டி' என்றதும் வெட்டிப்பேச்சும் சேர்ந்து வருகிறது.

துண்டிப்பான் விழுந்தால், அதாவது மின்சாரத்தை அறுத்தால், தொட்டி நீர் கொதிக்கிறது என்று பொருளில்லை. பெரும்பாலும் ஹீட்டர் வழியாக நீர் ஓடவில்லை. ஃபில்டரில் எண்ணெய்ப்பசையும் அழுக்கும் அடைத்திருக்கும், வால்வு பாதி மூடியிருக்கும், நீர்மட்டம் உறிஞ்சும் வாய்க்குக் கீழே இறங்கியிருக்கும், அல்லது நீர் மாற்றியபின் குழாயில் காற்று சிக்கியிருக்கும். மின்சாரத்தை அணைத்து, ஆறவிட்டு, ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நீர்மட்டம் பார்த்த பிறகுதான் துண்டிப்பானை மீட்கும் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். மறுபடி விழுந்தால் விட்டுவிட வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் வரட்டும். துண்டிப்பானைச் சுற்றி ஒயர் போட்டு ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

பொதுவாக 'வெப்ப வரம்பு மீறல்' என்று எழுதினால், படிப்பவர் பலகத்தில் எண்ணைக் குறைத்துவிட்டுப் போய்விடுவார். அடைத்த ஃபில்டர் அப்படியே கிடக்கும்.

----

மறுமொழி:

நன்றி அம்மா. உச்சவரம்பு, துண்டிப்பான் இரண்டும் எனக்குச் சம்மதம். 'சுடுநீர்த் தொட்டி' என்பதையும் வைத்துக்கொள்வோம். செம்பவாங் பகுதியில் நிலத்தடியிலிருந்து 70 டிகிரியில் எழும் நீருக்கு 'வெந்நீர் ஊற்று' என்ற பெயர் நிலைத்துவிட்டது, குழப்பம் வராது.

ஆனால் பலகத்தில் உள்ள மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தானுக்கு வரைவில் இருக்கும் 'சூட்டைக் கூட்டு' எனக்கு உறுத்துகிறது. கேஸ் அடுப்பைத் திருகினால் தீ பெரிதாகும். இங்கே அப்படி இல்லை. ஹீட்டர் ஒரே அளவில்தான் எரியும், எண்ணை எட்டியதும் நிற்கும். 38 வேண்டுபவர் 40 வைத்தாலும் நிமிடம்கூட முந்தாது. மறந்துபோனால் 40 வரை போய் நிற்கும், அவ்வளவுதான். 1,200 லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 1.4 யூனிட் தேவை. 3 கிலோவாட் ஹீட்டர், மூடி போட்ட நிலையில், மணிக்கு இரண்டு டிகிரிதான் ஏற்றும். நம் ஊரில் 28இல் கிடக்கும் நீர் 38க்கு வர ஐந்து மணி நேரம். ஆகவே பொத்தானுக்கு 'இலக்குச் சூடு' என்று எழுதுவோம். ஊழியருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு பார்வையில் புரியும்.

'இலக்கு' என்றால் அதற்கு மேல் போகாது என்ற நினைப்பும் வரக்கூடாது. இங்கே பகலில் 32 டிகிரி வெயில், மூடியும் இறுக்கம், பம்ப் ஓடும் சூடும் நீரில் சேரும். 36 வைத்த தொட்டி ஹீட்டர் அணைந்தும் 38 காட்டும். குளிரவைக்கும் பாகம் எதுவும் தொட்டியில் கிடையாது. தெர்மோஸ்டாட் கெட்டது என்று கழற்றாமல், முதலில் பம்ப் ஓடி நீரை வடிகட்டும் நேரத்தைக் குறைத்து மூடியைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். குறைக்கும்போது குளோரின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பம்ப் நின்றிருக்கும்போது பலகம் காட்டுவது குழாய்க்குள் தேங்கிய நீரின் சூடு. இரண்டு நிமிடம் ஓடவிட்டுப் படிக்க வேண்டும், தனி வெப்பமானியையும் நீரில் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். அதனால் எண்ணுக்குப் பக்கத்தில் 'காட்டும் சூடு' என்று தனியாக எழுதுவோம்.

திருத்திய வரைவு:

"இலக்குச் சூடு 38. உச்சவரம்பு 40. துண்டிப்பான் விழுந்தால் எண்ணை மாற்றாதீர்கள். மின்சாரத்தை அணைத்து ஃபில்டரையும் நீர்மட்டத்தையும் பாருங்கள்."

வெள்ளிக்கிழமைக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் இதையே அச்சுக்குக் கொடுத்துவிடலாம்.