நாத்திகருக்குக் கருவறையில் என்ன வேலை?

கொள்ளிடக்கரை:
"அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆவது பெரியார் இந்துக்களுக்குத் தந்த கொடை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கடவுளை வணங்குகிறவன் காட்டுமிராண்டி என்று சிலைக்குக் கீழே பொறித்து வைத்தவர்களுக்கு, எங்கள் சாமியை யார் தொட்டால் என்ன, தொடாவிட்டால் என்ன? 1970இல் சட்டம் கொண்டுவந்தார்கள், 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் அரசு தோற்றது. கதை அங்கேயே முடிந்துவிட்டது.

கருப்புச்சட்டை:
தோற்றதா? மனுக்கள் தள்ளுபடி ஐயா. வழக்குப் போட்டவர்கள் பரம்பரை அர்ச்சகர்களும் மடாதிபதிகளும். அப்பா அர்ச்சகர் என்பதற்காக மகனும் அர்ச்சகராக முடியாது, அதைச் சொன்ன 1970 சட்டத் திருத்தம் செல்லும் என்றுதான் தீர்ப்பு. தள்ளுபடி என்றால் போட்டவர் தோற்றார் என்று பொருள்.

கொள்ளிடக்கரை:
பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவது உங்களுக்குப் பழக்கம்தானே, போன மாதம் சிதம்பரம் பேச்சிலும் இதையேதான் செய்தீர்கள். ஆகமப்படிதான், அதாவது கோயில் வழிபாட்டு விதிநூல்படிதான், அர்ச்சகரை நியமிக்க வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. அப்புறம் யார் ஜெயித்தது?

கருப்புச்சட்டை:
மனு தள்ளுபடி. அவ்வளவுதான்.

ஓதுவார் பேரன்:
நான் தினமும் கோயிலுக்குப் போகிறவன், கடவுள் மறுப்பாளர்களோடு எனக்கு எந்த ஒட்டும் இல்லை. ஆனால் அரசின் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளியில் ஆகமம் படித்து, தீட்சை பெற்று வந்தவரை எதற்காகத் தடுக்க வேண்டும்? 2007இல் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் 200 பேருக்கு மேல். அவர்களில் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது. சாமியை நம்பிப் படித்த பிள்ளைகள் அவர்கள், உங்கள் சண்டையில் வயது போனது அவர்களுக்குத்தான்.

கொள்ளிடக்கரை:
வந்துவிட்டார் நடுநிலையாளர். தம்பி, ஆகமம் என்ன, பள்ளிக்கூடப் பாடப் புத்தகமா? தலைமுறை தலைமுறையாக வருகிற அனுஷ்டானம் அது. எங்கள் ஊர்க் கருப்பசாமிக்குப் பூசாரி எந்தச் சாதி என்று போய்ப் பாருங்கள், அங்கே ஐயர் நுழைய முடியாது, அதை யாரும் குறை சொல்வதில்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு முறை இருக்கிறது.

கருப்புச்சட்டை:
கருப்பசாமியைக் கேடயமாகப் பிடிக்காதீர்கள். நான் கேட்பது ஆகமம் பேசும் பெரிய கோயில்களை. அர்த்தமண்டபத்துக்கு வெளியே நின்று பாருங்கள். சிலருக்குத் திருநீறு உள்ளங்கையில் பதிந்து விழும், சிலருக்கு ஒரு சாண் மேலிருந்து கை படாமல் உதிரும். என் அம்மாவுக்கு உதிர்ந்ததுதான். கீழே சிந்தியதையும் குனிந்து ஒற்றி எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார், அத்தனை பக்தி. எனக்குச் சாமி இல்லை, சரி. அம்மாவுக்கு இருக்கிறதே, அந்தச் சாமியின் பக்கத்தில் அவர் பிள்ளை நின்றால் தீட்டு என்று சொன்னது யார்? எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்பது பேச்சை மாற்றும் வேலை. பெரியாரே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து கோயில் கணக்கைச் சரிசெய்தவர், அவர் நம்பிக்கையை அன்றைக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை. 1970இல் மன்னார்குடியில் கருவறை நுழைவுப் போராட்டம் என்று அவர் அறிவித்த பிறகுதான் சட்டமே வந்தது. நீங்களாகக் கொடுத்தது எது, ஒன்றைச் சொல்லுங்கள்.

கொள்ளிடக்கரை:
சொல்கிறேன். 1939 ஜூலை 8, மதுரை மீனாட்சி அம்மன் கோயில். தாழ்த்தப்பட்டவர்களை உள்ளே அழைத்துப் போனவர் வைத்தியநாத ஐயர். ஆத்திகர், அதுவும் பிராமணர். கக்கன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். உங்கள் கருப்புச் சட்டைக்காரர் ஒருவராவது அன்றைக்கு அங்கே இருந்தாரா?

கருப்புச்சட்டை:
அன்று பட்டர்களில் ஒரு பிரிவினர் பூசைக்கு வர மறுத்தார்களே, அவர்களும் ஆத்திகர்கள்தான். அதை ஏன் சொல்லவில்லை? மதுரைக்கு 15 வருடம் முன்பே, 1924இல், கேரளத்து வைக்கத்தில் சிறைக்குப் போனவர் பெரியார்.

கொள்ளிடக்கரை:
வைக்கம் தெருவில் நடப்பதற்கான போராட்டம், கோயிலுக்குள் போவதற்கு இல்லை. இதுகூடத் தெரியாமல் இருபது வருடமாகப் பேசுகிறீர்கள்.

ஓதுவார் பேரன்:
கோயிலைச் சுற்றி இருந்த தெரு அது. நாய் போகலாம், ஈழவச் சாதிக்காரர் போகக் கூடாது. அதைச் சின்ன விஷயம் மாதிரிச் சொல்லாதீர்கள் அண்ணே, சிவனை நம்புகிறவர் வாயில் இந்தப் பேச்சு வரலாமா?

கொள்ளிடக்கரை:
என் பக்திக்கு நீங்கள் சான்றிதழ் தர வேண்டாம். தேவாரம் பாடுகிற குடும்பம் என்று பெயர், கைதட்டுவது கடவுள் மறுப்பாளருக்கு.

ஓதுவார் பேரன்:
நான் யாருக்கும் கைதட்டவில்லை. பயிற்சி முடித்த மீதிப் பேருக்கு வேலை எங்கே என்று கேட்டேன், இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை.

கருப்புச்சட்டை:
அவரிடம் கேளுங்கள், வழக்கு மேல் வழக்காகப் போட்டு இழுத்தது அவர் பக்கத்து ஆட்கள். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்ற 2006 அரசாணையை எதிர்த்த வழக்கு 2015 வரை ஓடியது. அதிலும் ஆணை ரத்தாகவில்லை.

கொள்ளிடக்கரை:
2015இலும் ஆகமப்படிதான் நியமனம் என்றார்கள். எத்தனை தடவை சொன்னாலும் உங்கள் காதில் அந்த ஒரு சொல் மட்டும் ஏறாது.

கருப்புச்சட்டை:
பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்ததும் ஆகமம்தான். அதைப் படித்துத் தேறிய பையன் இன்ன சாதி என்பதால் ஆகாது என்று எந்த ஆகமத்தில், எந்தப் படலத்தில் இருக்கிறது? காமிக ஆகமத்திலா, காரண ஆகமத்திலா? வரியை எடுத்துப் போடுங்கள், அதுவரை நான் நகரப் போவதில்லை.

கொள்ளிடக்கரை:
கும்பிடாதவருக்கு ஆகமம் எடுத்துக் காட்ட வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.