வாட்டர்ஃபால் முறையில் உண்மையிலேயே யாராவது வேலை செய்திருக்கிறீர்களா?

கடைசி பெஞ்சு எழுதியது:

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்தப் பருவத்தில் மென்பொருள் பொறியியல் ஒரு பாடம். புத்தகத்தில் மென்பொருள் உருவாக்கும் முறைகள் வாட்டர்ஃபால், ஸ்பைரல், அஜைல் என்று அரச வம்சங்கள் போல வரிசையாக வருகின்றன. ஒன்றின் காலம் முடிந்ததும் அடுத்தது பட்டத்துக்கு வந்துவிடுகிறது. ஏன் வந்தது என்று பார்த்தால், "முந்தைய முறையின் குறைகளைக் களைய" என்று ஒரு வரி. எல்லா முறைக்கும் அதே வரிதான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். வாட்டர்ஃபால் சொல்வதுபோல, தேவைகள் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி முடித்து, கையெழுத்து வாங்கி, பிறகு நிரல் எழுதி, கடைசியில் சோதித்துப் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? அது அவ்வளவு மோசமான முறை என்றால், அறிவுள்ளவர்கள் எப்படி அத்தனை ஆண்டுகள் அதைப் பொறுத்துக்கொண்டார்கள்? இப்போது நிரலை இயந்திரமே எழுதித் தருகிறது. இந்தப் பாடத்தைத் தேர்வோடு மறந்துவிடலாம் என்கிறான் என் அறைத்தோழன். மறந்துவிடலாமா?

---

எண்பது பத்தி எழுதியது:

தம்பி, நான் வேலை செய்திருக்கிறேன். அதற்கு அப்படியொரு பெயர் இருப்பது மட்டும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

1980களின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் கணினிப் பிரிவில் சேர்ந்தேன். கையில் கொடுத்தது பென்சிலும் ரப்பரும் கட்டம் போட்ட கோடிங் தாளும்தான். ஒரு வரிக்கு எண்பது கட்டம். கோபால் (COBOL) என்ற நிரல்மொழியில் முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு. ஏழாவது கட்டத்தில் நட்சத்திரக்குறி போட்டால் அந்த வரி வெறும் குறிப்பு. எட்டிலிருந்து எழுபத்திரண்டு வரை நிரல். கடைசி எட்டுக் கட்டத்தை, நிரலை இயந்திர மொழியாக்கும் கம்பைலர் ஏறெடுத்தும் பார்க்காது. அதில் நிரலின் பெயரை எழுதுவோம். தாளைத் துளையிடும் பிரிவில் கொடுத்தால் அங்குள்ள பெண்கள் இயந்திரம் படிப்பதற்காக வரிக்கு ஓர் அட்டையாகத் துளையிட்டு அடிப்பார்கள். வேறொருவர் அதே வரிகளை இன்னோர் இயந்திரத்தில் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். அட்டைக்கட்டு கைக்கு வந்ததும் அதன் மேல்விளிம்பில் மூலைக்கு மூலை ஒரு பென்சில் கோடு இழுத்துவிடுவோம். கட்டு கைதவறிச் சிதறினால் அந்தக் கோடு சேருகிறதா என்று பார்த்தே அடுக்கிவிடலாம்.

கட்டு இரவில் இயந்திரத்துக்குள் போகும். காலையில் அச்சுத்தாள் வரும். தரவுப் பகுதியில் ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போயிருந்தால் பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி. அன்றைய நாள் வீண். அதனால் என்ன செய்வோம்? மேசையில் உட்கார்ந்து நாமே இயந்திரமாகிவிடுவோம். ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் தாளின் ஓரத்தில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, வரி வரியாக ஓட்டிப் பார்த்த பிறகே துளையிடக் கொடுப்போம். நிரலின் படிகளை வரைந்து காட்டும் பாய்வுப்படத்தில் மேலாளர் கையெழுத்து விழாதவரை கோடிங் தாள் கிடைக்காது. இது கெடுபிடியாக எங்களுக்குத் தோன்றவில்லை. இயந்திரத்தின் நேரம் எங்கள் சம்பளத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது. விலை உயர்ந்ததை மிச்சப்படுத்த மலிவானதைச் செலவழித்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. ஒரு மாற்றம் செய்ய என்ன செலவாகிறது என்று முதலில் கேளுங்கள். எந்தக் காலத்தில் எந்த முறை ஏன் இருந்தது என்பது தானாக விளங்கிவிடும். ஒரு முற்றுப்புள்ளிக்கு ஒரு நாள் போகிற இடத்தில், ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டிப் பார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். முனையங்கள் வந்தன, மேசைக் கணினி வந்தது, கம்பைல் செய்யும் நேரம் நிமிடமாகி நொடியாகியது. அதற்குப் பிறகுதான் 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் பதினேழு பேர் கூடி, சிறுசிறு துண்டாகச் செய்து மாற்றங்களை வரவேற்கும் அஜைல் முறைக்கு அறிக்கை வெளியிட முடிந்தது. அவர்களுடைய கெட்டிக்காரத்தனத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1971இல் அதே பதினேழு பேர் அதே விடுதியில் கூடியிருந்தால் வேறு ஏதாவது எழுதியிருப்பார்கள்.

உங்கள் புத்தகம் வாட்டர்ஃபாலுக்கு மூலமாக, அமெரிக்கக் கணினி அறிஞர் வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையைக் காட்டியிருக்கும். கட்டுரையைத் தேடிப் படியுங்கள், சிறியதுதான். படிக்கட்டு போலப் பெட்டிகள் இறங்கும் அந்தப் பிரபலமான படம் அதில் இருக்கிறது. வாட்டர்ஃபால் என்ற சொல் இல்லை. படத்துக்கு அடுத்து, இப்படியே செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். சோதனை கடைசியில் வருவதால், நேரமும் நினைவகமும் போதுமா என்பது அப்போதுதான் தெரியவரும் என்பது அவர் சொன்ன காரணம். ஒருமுறை முன்மாதிரியாகச் செய்து பார்த்துவிட்டு இரண்டாவதாகச் செய்ததையே வாடிக்கையாளரிடம் கொடு, அவரை இடையிலும் கூப்பிட்டுக் காட்டு என்றெல்லாம் பரிகாரமும் சொன்னார். அந்தப் பக்கங்களை யாரும் புரட்டவில்லை போலும். 1985இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்தக்காரர்களுக்காக வெளியிட்ட 2167 என்ற தரவிதி, படிப்படியாக ஆவணம் கேட்டது. ஒப்பந்தத்தில் ஏறிவிட்ட முறையை அவ்வளவு எளிதில் இறக்க முடியுமா?

இயந்திர நேரம் மலிந்த பிறகும் மாற்றத்தின் விலை முழுதாகக் குறையவில்லை. 1990களின் பிற்பாதியில் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாறி, அமெரிக்கக் காப்பீட்டு நிரல்களில் 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் வேலை பார்த்தேன். தேதிக்கு ஆறே இலக்கம், ஆண்டுக்கு இரண்டு. 2000 பிறந்தால் 00 என்பதை நிரல் 1900 என்று எடுத்துக்கொள்ளும். அதை எட்டு இலக்கமாக விரித்தால் பதிவின் நீளம் மாறும். அந்தக் கோப்பைப் படிக்கும் அத்தனை நிரல்களையும் ஒரே இரவில் மாற்றியாக வேண்டும். ஆகவே பெரும்பாலான இடங்களில் குறுக்கு வழிதான்: ஆண்டு 50க்குக் கீழே இருந்தால் முன்னால் 20 சேர், இல்லாவிட்டால் 19. இரண்டே வரி. ஆனால் 1912இல் பிறந்த பாலிசிதாரர் அந்த இரண்டு வரியில் 2012இல் பிறக்கப்போகும் குழந்தையாகிவிடுவார். எனவே பிறந்த தேதிக்கு மட்டும் வேறு வழி. சில நிரல்களில் ஆண்டு 99 என்றால் "முடிவுத் தேதி கிடையாது" என்று பொருள். அதை எழுதியவர் என்றைக்கோ ஓய்வு பெற்றுவிட்டார். மாறியின் பெயரில் தேதி என்று இருந்தால் தேடிவிடலாம். எக்ஸ்-1 என்று பெயர் வைத்திருந்தால்? எழுதிய நேரம் சொற்பம். எதைத் தொட்டால் எது விழும் என்று கண்டுபிடிக்கத்தான் மாதங்கள் போயின. சில நிரல்கள் தினமும் ஓடிக்கொண்டிருந்தன, மனிதர் படிக்கக்கூடிய அவற்றின் மூலநிரல் மட்டும் எங்கும் இல்லை.

இயந்திரம் எழுதித் தருவதைப் பற்றி நாளை எழுதுகிறேன். பேரனைப் பள்ளியிலிருந்து அழைத்துவர நேரமாகிவிட்டது.

---

உட்பொதி எழுதியது:

எண்பது பத்தி அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரி. "விலை குறைந்தது" என்பதை மட்டும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. நான் மருத்துவக் கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுகிறேன். எங்களிடம் இன்றைக்கும் தேவை ஆவணம் முதலில், கையெழுத்து, பிறகுதான் நிரல். ஒவ்வொரு தேவைக்கும் எந்தச் சோதனை என்று தடம் காட்ட வேண்டும். மருத்துவக் கருவி மென்பொருளுக்கென்றே ஐஇசி 62304 என்ற சர்வதேசத் தரவிதி 2006இலிருந்து இருக்கிறது.

ஏன் என்று கேட்பவர்களுக்குத் தெராக்-25 கதையைத்தான் சொல்வேன். கனடாவில் செய்த கதிரியக்கச் சிகிச்சைக் கருவி. 1985 முதல் 1987 ஜனவரி வரை ஆறு நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். அதற்கு முந்தைய மாதிரியில் தவறான நிலையில் கதிர் பாயாமல் தடுக்கத் தனி மின்சுற்று இருந்தது. புதியதில் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்று அதை எடுத்துவிட்டார்கள். அந்த மென்பொருளில் ஒரே ஒரு பைட் அளவுள்ள ஒரு மாறி. சுற்றுக்கு ஒன்று கூடும். பூஜ்யமாக இல்லாவிட்டால்தான் சரிபார்ப்பு நடக்கும். ஒரு பைட்டில் 255க்கு மேல் இடமில்லை. 256ஆவது சுற்றில் அது பூஜ்யமாகும். சரியாக அந்தக் கணத்தில் இயக்குபவர் பொத்தானை அழுத்தினால் சரிபார்ப்பே இல்லாமல் கதிர் பாயும். 1987 விபத்து அப்படித்தான் நடந்தது. பழைய கருவியின் நிரலிலும் வழுக்கள் இருந்தன, மின்சுற்று தடுத்ததால் யாருக்கும் தெரியவில்லை என்பது பிறகு வெளிவந்தது.

எங்களுக்கும் கம்பைல் நேரம் சில நொடிதான். அதனால் முறை மாறிவிடவில்லை.

---

இரவுப்பணி எழுதியது:

சுருக்கமாக ஒன்று. நான் வலைச் சேவைகள் பக்கம். எங்களிடம் ஒரு நாளில் பலமுறை புதிய பதிப்பு வெளியாகும். மாற்றுவது மலிவு, திரும்பப் பெறுவது மலிவு என்ற நம்பிக்கையில்தான் எல்லாம் நடக்கிறது. 2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய புதுப்பிப்பில் அந்த நம்பிக்கை எங்கே உடையும் என்பது தெரிந்தது. புதிய விதி 21ஆவது உள்ளீட்டைத் தேடியது. நிரல் கொடுத்தது 20தான். இல்லாததைப் படிக்கப் போய்க் கணினியே நிலைகுலைந்து நின்றது. ஒன்றரை மணிநேரத்துக்குள் புதுப்பிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் நீலத்திரையில் விழுந்துவிட்ட இயந்திரம் திருத்தத்தை எப்படிப் பெறும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். ஏராளமானவற்றை ஆள் போய்ப் பாதுகாப்பு நிலையில் (Safe Mode) இயக்கி, கோப்பை அழித்துத்தான் எழுப்பினார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பாமல் முதலில் சிலருக்கு, பிறகு பலருக்கு என்று பிரித்து அனுப்பும் பழக்கம் எங்கள் துறையில் முன்பே இருந்தது. அந்த வகைக் கோப்புக்கு மட்டும் அதைச் செய்யவில்லை.

---

கடைசி பெஞ்சு எழுதியது:

மூவருக்கும் நன்றி. ராய்ஸ் கட்டுரையைப் படித்துவிட்டேன், அம்மா சொன்னபடியே இருக்கிறது. எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். "தேர்வில் புத்தகத்தில் உள்ளதை எழுது" என்றார். இயந்திரம் எழுதுவதைப் பற்றிச் சொல்கிறேன் என்றீர்களே?

---

எண்பது பத்தி எழுதியது:

பேராசிரியர் சொன்னபடி எழுதுங்கள் தம்பி, மதிப்பெண்ணும் வேண்டும்.

முதலில் உட்பொதிக்கு. நீங்கள் என்னை மறுக்கவில்லை, எனக்குச் சாட்சி சொல்கிறீர்கள். உங்களிடம் விலை என்பது நோயாளியின் உடம்பு. அது மலியவில்லை, எனவே முறையும் மாறவில்லை. மாறாமலே இருக்கட்டும், நானும் மருத்துவமனைக்குப் போகிற வயதில்தான் இருக்கிறேன்.

இயந்திரம் எழுதுவது பற்றி. 1968 அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ, மென்பொருள் பொறியியல் என்ற பெயரில் ஒரு மாநாடு நடத்தியது. பொறியியல் என்ற பெயரே சீண்டிப் பார்ப்பதற்காகத்தான் அந்த மாநாட்டுக்கு வைக்கப்பட்டது. மற்ற பொறியியலில் உள்ள ஒழுங்கு உங்களிடம் இருக்கிறதா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. பெரிய திட்டங்கள் வரிசையாகக் காலம் தவறிக்கொண்டிருந்த சமயம் அது. அவற்றில் பெரிது ஐபிஎம்மின் ஓஎஸ்/360 என்ற இயங்குதளம். அதை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975இல் தன் நூலில் ஒரு பங்கீடு கொடுத்தார்: திட்டமிட மூன்றில் ஒரு பங்கு, நிரல் எழுத ஆறில் ஒரு பங்கு, மீதிப் பாதியும் சோதனைக்கு. தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்ற அவருடைய வாக்கியத்தை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு இந்தப் பங்கீடுதான் பிடிக்கும்.

இயந்திரம் மலிவாக்கியிருப்பது அந்த ஆறில் ஒரு பங்கை. அது சிறிய விஷயமில்லை. ஆனால் எழுதுவது மலிந்தால் எழுதப்படுவது பெருகும்; படித்துச் சரிபார்க்க வேண்டியதும் அதே வேகத்தில் பெருகும். எக்ஸ்-1 என்று பெயர் வைத்தவரையாவது தொலைபேசியில் பிடித்து ஏன் வைத்தாய் என்று கேட்க ஒரு வாய்ப்பு இருந்தது, சிலரைப் பிடித்துக் கேட்டும் இருக்கிறோம். இனி யாரைக் கேட்பீர்கள்? உங்கள் அறைத்தோழன் மறக்கலாம் என்று சொல்லும் பாடத்தில் அந்த மீதி ஐந்து பங்கும் இருக்கிறது. அதைச் சுவையாக எழுதத் தெரியாதது புத்தகத்தின் குற்றம்.

திட்டப்பணிக்குத் தலைப்பு இன்னும் கொடுக்கவில்லையென்றால் ஒன்று சொல்கிறேன். புதிதாக எதையும் கட்டாதீர்கள். பலர் பல ஆண்டுகள் எழுதிய ஒரு திறந்த மூலநிரலை எடுத்து, அதில் பதிவாகியிருக்கும் ஒரு வழுவைத் திருத்துங்கள். நிரலில் செய்த மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது. சரியாக ஓடிய பழைய பதிப்பு ஒன்றையும் உடைந்திருக்கும் புதிய பதிப்பு ஒன்றையும் காட்டினால், நடுவிலிருப்பதை எடுத்துக் கொடுத்து "இது ஓடுகிறதா?" என்று கேட்கும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைக்குள் குற்றவாளி அகப்படும். எங்கள் காலத்தில் இதற்கு வழியே இல்லை. நிரலின் தலையில் நட்சத்திரக்குறி போட்டு, யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்று எழுதிவைப்போம். அதையும் பாதிப்பேர் எழுத மாட்டார்கள். குற்றவாளி அகப்பட்ட பிறகு அந்த மாற்றத்தை ஏன் செய்தார்கள் என்று நாலு பக்கம் எழுதுங்கள். திருத்தம் இரண்டு வரியில் முடிந்தாலும் பரவாயில்லை.

---

கடைசி பெஞ்சு எழுதியது:

இரண்டு வரித் திருத்தத்துக்கு மதிப்பெண் கொடுப்பார்களா அம்மா?

---

எண்பது பத்தி எழுதியது:

நாலு பக்கத்தை முன்னால் வையுங்கள், இரண்டு வரியைப் பின்னிணைப்பில் போடுங்கள். எடை பார்த்து மதிப்பெண் போடுகிறவர்கள் எங்கள் காலத்திலும் இருந்தார்கள்.