புதுப்பிப்பு: பிளேட்லெட் குறைவு, அம்மாவின் முழங்கால் வலி

போன வாரம் கேட்டிருந்தேனே, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 40,000-ல் நிற்கும் அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு என்ன கொடுக்கலாம்னு. தருமபுரி போய் டாக்டரைப் பார்த்தாச்சு.

டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன், ஆஸ்பிரின்னு இந்த வலி மாத்திரைகள் எதுவும் கூடாதாம். இருக்கிற கொஞ்சநஞ்ச பிளேட்லெட்டையும் வேலை செய்ய விடாது, வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். பாராசிட்டமால் மட்டும், அவர் எழுதிய அளவில்.

தூக்கிவாரிப்போட்டது வேற. பாலக்கோட்டில் ஒரு கடையில் "வெறும் பாராசிட்டமால்தாங்க" என்று கொடுத்த அட்டையைத் திருப்பினால், கூடவே அசிக்ளோஃபெனாக் 100 மி.கி.! அதுவும் டாக்டர் கூடாதுன்ன டைக்ளோஃபெனாக் இனம்தான். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீங்க.

இடுப்பில் வலி ஊசியும் வேண்டாம்னுட்டார் டாக்டர், தசைக்குள் ரத்தம் கட்டுமாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பதும் நின்னுபோச்சு (பக்கத்து வீட்டு அத்தைக்குத்தான் வருத்தம்). அம்மா உட்கார்ந்தபடி கால் நீட்டி மடக்குகிறார். களி கிண்டுற வேலை இப்போ என் தலையில்.