லோசானில் ஹூவல்மான்ஸ் ஆவணங்களைப் பார்த்தவர்கள் உண்டா?

கேள்வி: அடுத்த மாதம் அக்கா வீட்டுக்கு ஜெனீவா போகிறேன். கண்டுபிடிக்கப்படாத விலங்குகளைப் பற்றி விலங்கியலாளர் பெர்னார்ட் ஹூவல்மான்ஸ் ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்கள், கடிதங்கள், கோப்புகள் எல்லாம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகர விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. நேரில் பார்க்க விடுவார்களா?

பதில் 1: 1999-இல் அவரே கொடுத்தது, 2001-இல் காலமானார். ரிப்போன் சதுக்கத்தில் ரூமின் மாளிகை என்று கேளுங்கள், மெட்ரோ வாசலிலேயே இறக்கிவிடும். ஆவணங்களைப் பார்க்க முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். பிரெஞ்சு தெரிந்தவர் கூட இருந்தால் நல்லது.

பதில் 2: பனிமனிதன், கடல்பாம்பு... இதற்கெல்லாம் ஒரு நூலகம் தேவையா?

கேட்டவர்: தேவைதான் சார். ஒட்டகச்சிவிங்கியின் உறவான ஒகாபிக்கு 1901-இல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. காங்கோ காட்டு மக்களுக்கு அது எப்போதோ தெரியும். சீலகாந்த் மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவில் வலையில் சிக்கும்வரை அறிவியலுக்கு வெறும் புதைபடிவம். கொமொரோ தீவு மீனவர்களோ அதை 'கொம்பெசா' என்று பெயர் சொல்லி அழைத்தவர்கள். மீனவர் சொல்லையும் காட்டுவாசி சொல்லையும் ஒருவர் கோப்பில் போட்டு வைத்தாரே, அந்தக் கோப்பைத்தான் தொட்டுப் பார்க்க ஆசை.

பதில் 1: அப்படியென்றால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள் தம்பி.